அடுத்த வாங்கில் யார் இருக்கலாம்?

கிறிஸ்தவர்களின் வீட்டுச் சுவர்களில் அதிகம் தொங்குகிற வசனங்களில் ஒன்று, தன்னை நேசிக்கிற மாதிரியே மற்றவரையும் நேசிக்கச் சொல்வது. இயேசு சொன்ன இரண்டு பெரிய கட்டளைகளில் இரண்டாவது அது. அதில் வருகிற 'மற்றவர்' தமிழில் ஒரே சொல்லாக இருந்ததில்லை. புரட்டஸ்தாந்துக்காரர் நெடுங்காலமாக வாசித்து வருகிற பழைய மொழிபெயர்ப்பில் அவர் 'பிறன்'. கத்தோலிக்கரும் மற்றச் சபையினரும் சேர்ந்து செய்து 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் அவர் 'அடுத்திருப்பவர்'.

இரண்டுக்கும் இடையில் நிறைய வித்தியாசம் இருக்கிறது. 'பிறன்' என்றால் ஆள் கொஞ்சம் தூரத்தில் நிற்கிறான். அவனைப் பார்த்து இரக்கப்படலாம், காசு கொடுக்கலாம், அவனுக்காகச் செபிக்கலாம். 'அடுத்திருப்பவர்' அப்படியில்லை. யாழ்ப்பாணத்தில் வீட்டுக்கு வந்தவரை "இருங்கோ" என்று சொன்னால் கதிரையில் உட்காரச் சொல்கிறோம் என்றுதான் அர்த்தம். அப்படிப் பார்த்தால் அடுத்திருப்பவர் என்பவர் எங்களுக்குப் பக்கத்தில், அதே வாங்கில், தோள் முட்டுகிற தூரத்தில் இருக்கிறவர். மொழிபெயர்த்தவர்கள் இதை நினைத்திருக்கமாட்டார்கள். ஆனால் இந்தச் சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவத்தின் இருநூறு வருசக் கதையைத் திரும்ப வாசித்தால் அது வேறு கதையாகத் தெரிகிறது. ஏனென்றால் இங்கே சண்டை நடந்ததே யார் யாருக்குப் பக்கத்தில் இருக்கலாம் என்பதைப் பற்றித்தான்.

1920களில் யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குள் போயிருந்தால் வாங்குகளில் ஒரு பகுதிப் பிள்ளைகளும் நிலத்தில் இன்னொரு பகுதிப் பிள்ளைகளும் இருப்பதைப் பார்த்திருக்கலாம். நிலத்தில் இருந்தவர்கள் பஞ்சமர் என்று சொல்லப்பட்ட நளவர், பள்ளர், பறையர், வண்ணார், அம்பட்டர் ஆகிய சாதிகளின் பிள்ளைகள். சில இடங்களில் அவர்களுக்கு வகுப்புக்கு உள்ளேயே இடமில்லை, விறாந்தைதான். பல இடங்களில் அனுமதியே இல்லை. வாங்கில் இருக்கிற உரிமைக்கு 'சம ஆசனம்' என்றும் ஒரே பந்தியில் சாப்பிடுகிற உரிமைக்கு 'சம போசனம்' என்றும் பெயர். எங்கட வயசுக்காரர் பலருக்கு இந்த இரண்டு சொல்லும் தெரியாது. எங்களுக்கும் பாடப்புத்தகத்தில் யாரும் சொல்லித் தரவில்லை.

இதில் கிறிஸ்தவத்தை இழுப்பதற்குக் காரணம், அந்தப் பள்ளிக்கூடங்களில் பெரும் பகுதி மிசன் பள்ளிக்கூடங்கள். வெஸ்லியன் மிசன் 1814இலும், அமெரிக்க மிசன் 1816இலும், சேர்ச் மிசன் 1818இலும் யாழ்ப்பாணத்துக்கு வந்தன. கத்தோலிக்கம் அதற்கு வெகுகாலம் முன்னரே, போர்த்துக்கேயர் காலத்திலேயே வந்துவிட்டது. அயலவரை நேசி என்று போதித்தவர்களின் பள்ளிக்கூடத்துக்குள் ஒரு பிள்ளை ஏன் நிலத்தில் இருந்தது?

வரலாற்றுக்குப் போக முதல், அந்தப் போதனையே எதைச் சொல்கிறது என்று பார்க்கவேணும். லூக்கா எழுதிய நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில் வருகிற நல்ல சமாரியன் கதை எல்லாருக்கும் தெரியும். எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்குகிற வழி. ஏறத்தாழ ஆயிரம் மீற்றர் கீழே இறங்கிப் போகிற, வெறும் பாறையும் வெயிலுமான பாதை. கள்ளர் அடித்துப் போட்ட ஒருவன் வழியில் கிடக்கிறான். மதகுரு பார்த்துவிட்டு விலகிப் போகிறார். லேவியர் விலகிப் போகிறார். சமாரியன் ஒருவன் நிற்கிறான், காயத்துக்கு எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்துக் கட்டுகிறான், தன்ர வாகனத்தில் ஏற்றிச் சத்திரத்துக்குக் கொண்டுபோகிறான், அடுத்த நாள் சத்திரக்காரனிடம் இரண்டு வெள்ளிக்காசு கொடுத்துவிட்டு, மிச்சத்தைத் திரும்பி வரேக்க தருவதாகச் சொல்லிப் போகிறான்.

சமாரியர் யூதருக்குத் தூரத்து அந்நியர் அல்லர். அதே மோசேயின் நூல்களை வாசித்தவர்கள், அதே கடவுளைக் கும்பிட்டவர்கள், பக்கத்து ஊர்க்காரர். கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் யூத ஆட்சியாளர் ஒருவர் கெரிசிம் மலையில் இருந்த சமாரியர்களின் கோயிலை இடித்தார். அதற்குப் பிறகு பகை இன்னும் முற்றியது. யோவானின் நற்செய்தியில் ஒரு சமாரியப் பெண்ணிடம் இயேசு கிணத்தடியில் தண்ணி கேட்கிறார். அவள் திகைத்துப் போகிறாள், ஏனென்றால் யூதர் சமாரியரின் பாத்திரத்தைத் தொடமாட்டார்கள். இதை வேறு நாட்டுக்காரருக்கு அடிக்குறிப்புப் போட்டுத்தான் விளங்கப்படுத்தவேணும். யாழ்ப்பாணத்துக்காரருக்கு ஒரு விளக்கமும் தேவையில்லை. ஆறில்லாத ஊரில் கிணறுதான் உயிர். அந்தக் கிணத்தில் தாங்களே அள்ள முடியாமல், யாராவது வந்து அள்ளி ஊற்றும் வரைக்கும் குடத்தோடு காத்துநின்ற சனம் எங்கட ஊர்களில் இருந்தது. தேத்தண்ணிக் கடையில் அவர்களுக்குச் சிரட்டையும் போத்தலும் தனியாக இருந்தன.

கதை முடிந்ததும், கேள்வி கேட்ட சட்ட அறிஞரிடம் இயேசு திருப்பிக் கேட்கிறார்: இந்த மூன்று பேரில் அடிபட்டவனுக்கு அயலவனாக நடந்தது யார்? அறிஞர் சரியான விடைதான் சொல்கிறார், ஆனால் 'சமாரியன்' என்ற சொல் அவரின் வாயில் வரவில்லை. இரக்கம் காட்டியவன் என்று சுற்றிவளைத்துச் சொல்கிறார். இனப்பெயரைச் சொல்லி அவனை நல்லவன் என்று ஒத்துக்கொள்ள அவருக்கு நாக்கு எழும்பவில்லை என்று நாங்கள் நினைக்கிறோம். யாழ்ப்பாணத்து ஆலயங்களில் இந்தக் கதை எத்தனையோ தரம் பிரசங்கமாகியிருக்கும். நாங்கள் கேட்டவரைக்கும் எல்லாப் பிரசங்கத்திலும் சமாரியன் நாங்கள்தான், வழியில் விழுந்து கிடப்பவர்கள்தான் ஏழைகளும் எளிய சனமும். கதையில் இருப்பதோ நேரெதிர். தொடக்கூடாது என்று ஒதுக்கப்பட்டவன்தான் அங்கே உதவி செய்கிறவன். ஒதுக்கின கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் அவனைப் பார்த்துப் படிக்கவேண்டியவர்கள்.

இனி மிசன்காரரிடம் வருவோம். அமெரிக்கர்கள் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் விடுதிப் பள்ளிக்கூடம் தொடங்கின நாட்களிலேயே சாதி அடுப்படியால் உள்ளே வந்துவிட்டது. கிறிஸ்தவரின் கூரைக்குக் கீழே சாப்பிட்டால் தீட்டு என்று வெள்ளாளப் பிள்ளைகள் மறுத்தார்கள். அதற்காக மிசன் வளவுக்கு வெளியே, பக்கத்துச் சைவக்காரரின் காணியில் சமையலும் சாப்பாடும் நடந்தது. மிசன்காரர் இதை வளைந்துகொடுத்தல் என்று நினைக்கவில்லை, பொறுமை என்று நினைத்தார்கள். படிப்பு உள்ளே போனால் சாதி தானாக வெளியே போகும் என்பது அவர்களின் கணக்கு. 1823இல் தொடங்கின வட்டுக்கோட்டைச் செமினரி அந்தக் கணக்கின் உச்சம். படிப்பு உண்மையாகவே உள்ளே போனது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான சி.வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் அங்கே படித்தவர்கள்தான். சாதி மட்டும் வெளியே போகவில்லை. படித்த சாதி இன்னும் படித்த சாதியானது, அவ்வளவுதான்.

யாழ்ப்பாண நகரில் வெஸ்லியன் மிசனின் மத்திய பள்ளிக்கூடத்தில் பீற்றர் பேர்சிவல் அதிபராக இருந்தார். 1840களின் பிற்பாதியில் அவர் ஒரு நளவர் பையனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். உயர்சாதிப் பிள்ளைகள் எழும்பிப் போய்விட்டார்கள். அதே ஆண்டுகளில் அதே பேர்சிவல், தன்னிடம் படித்து அங்கேயே ஆசிரியராயிருந்த ஆறுமுகநாவலரின் துணையோடு வேதாகமத்தைத் தமிழில் பெயர்த்துக்கொண்டிருந்தார். அது 1850இல் அச்சாகியது. மொழிபெயர்ப்பு மேசையில் அயலவர் பற்றிய வசனம், வகுப்பறையில் காலியான வாங்குகள், இரண்டும் ஒரே மனுசரின் ஒரே காலம். தமிழ் வேதாகமத்தின் வரலாற்றை எழுதினவர்கள் முதல் காட்சியை விரிவாகச் சொல்கிறார்கள். அந்தப் பையனின் பெயர் எங்கும் சொல்லப்படுவதில்லை. நாங்கள் அவனைத்தான் கூட நினைக்கிறோம். எல்லாரும் எழும்பிப் போன வகுப்பில் ஒரு பிள்ளை தனியாக இருந்து என்ன படித்திருக்கும்?

நாவலர் 1848இல் மிசனை விட்டு விலகி வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அவர் சாதி ஒழுங்கை ஏற்றுக்கொண்டவர், அதை மறைத்ததும் இல்லை. எங்களுக்கு அவரோடு இதில் கடும் முரண்பாடு உண்டு. ஆனால் மிசன்காரரின் நிலை ஒருவிதத்தில் இன்னும் சங்கடமானது. சுவரில் தொங்குகிற வசனம் அவர்களுக்கு எதிராகவே சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது.

எல்லாரையும் ஒரே தராசில் போட்டால் அநியாயமாகிவிடும். மானிப்பாய் டொக்டர் கிறீனைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. சாமுவேல் பிஸ்க் கிறீன் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரத்துக்காரர். 1847இல், இருபத்தைந்து வயசில் யாழ்ப்பாணம் வந்தார். அடுத்த வருசம் மானிப்பாயில் வைத்தியம் பார்க்கவும் வைத்தியம் படிப்பிக்கவும் தொடங்கினார். முதலில் இங்கிலீசில்தான் படிப்பித்தார். படித்து முடித்த பெடியள் அரசாங்க உத்தியோகத்துக்குப் போய்விட, கிராமம் பழையபடி வைத்தியர் இல்லாமல் கிடந்தது. ஊருக்குப் போய்விட்டு 1862இல் திரும்பி வந்தபோது அவர் ஒரு முடிவோடு வந்தார்: இனித் தமிழில்தான் படிப்பு.

தமிழில் அப்போது மேலைத்தேய மருத்துவத்துக்குப் புத்தகமில்லை, கலைச்சொல்லும் இல்லை. கிறீன் அதை உண்டாக்கினார். 'அங்காதிபாதம்', 'இரணவைத்தியம்', 'வைத்தியாகரம்', 'மனுஷ அங்காதிபாதம்', 'கெமிஸ்தம்' என்று ஆயிரக்கணக்கான பக்கங்கள் அவரும் அவரின் மாணவர்களும் சேர்ந்து பெயர்த்தவை. 1873இல் உடம்பு முடியாமல் நாட்டை விட்டுப் போன பிறகும் அங்கேயிருந்து வேலையைத் தொடர்ந்தார். 'மனுஷ சுகரணம்' என்ற உடற்தொழிலியல் புத்தகம் 1883இல் வந்தது. அடுத்த வருசம் அவர் இறந்துபோனார். அறுபதுக்கு மேற்பட்ட தமிழ் வைத்தியர்களை அவர் உருவாக்கியிருந்தார். கிறிஸ்தவனாகிற தமிழன் காற்சட்டை போட்டு வெள்ளைக்காரனாகத் தேவையில்லை என்பதும் அவரின் பிடிவாதங்களில் ஒன்று.

எங்களுக்கு இதில் பிடித்தது அவரின் இரக்கம் மட்டுமில்லை. இரக்கப்பட்டவர்கள் பலர் வந்துபோனார்கள். அவர் தன்னைத் தேவைப்படாத ஆளாக்குகிறதுக்கே பாடுபட்டார். தான் போன பிறகும் மானிப்பாய்ச் சனம் தங்கட மொழியில் தங்கட நோயைச் சொல்லி, தங்கட ஆளிடம் மருந்து எடுக்கவேணும் என்று நினைத்தார். சமாரியன் சத்திரத்தில் காசைக் கொடுத்துவிட்டுத் தன்ர வழியில் போனதும் அப்படித்தான். காயப்பட்டவனைத் தன்ர வாழ்நாள் கடனாளியாக்கி அவன் கூடவே வைத்திருக்கவில்லை.

ஆனாலும் கிறீன் செய்தது எண்ணெயும் மருந்தும் வார்த்துக் கட்டுகிற வேலை. அதை உயர்சாதிக் கிறிஸ்தவர் மனதாரப் பாராட்டினார்கள். ஆஸ்பத்திரிக்குக் காசு கொடுத்தார்கள். நோயாளியைக் கட்டிலில் கிடத்தி மருந்து கொடுப்பதில் யாருக்கும் பெரிய மறுப்பில்லை. சுகமாகி எழும்பினவன் தங்கட பக்கத்து வாங்கில் வந்து இருக்கிறபோதுதான் பிரச்சினை தொடங்கியது.

அவன் வந்து இருக்கப் பிறகும் பல பத்தாண்டுகள் பிடித்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒடுக்கப்பட்ட சாதிகளில் படித்த சின்னத் தலைமுறை ஒன்று வந்தது. அந்தப் படிப்பை மிசன் பள்ளிக்கூடங்கள்தான், நிலத்தில் இருத்தியேனும், கொடுத்திருந்தன. இதை ஒத்துக்கொள்ளவேணும். 1920களின் இறுதியில் ஒடுக்கப்பட்ட தமிழ் ஊழியர் சங்கத்தை நடத்திய யோவேல் போல் அப்படியான ஒரு கிறிஸ்தவர். சம ஆசனமும் சம போசனமும் அந்தச் சங்கத்தின் முதன்மையான கோரிக்கைகள். இன்னொரு பக்கம் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ். 1924இல் மாணவர் காங்கிரசாகத் தொடங்கி, 1927 நவம்பரில் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்துவந்த இயக்கம் அது. அதன் மையத்தில் இருந்த ஹன்டி பேரின்பநாயகமும் கிறிஸ்தவர், யாழ்ப்பாணக் கல்லூரி ஆசிரியர். அவர்கள் தீண்டாமைக்கு எதிராகத் தீர்மானம் போட்டார்கள், சாதி பார்க்காமல் ஒரே பந்தியில் சாப்பிட்டுக் காட்டினார்கள். சைவரும் கிறிஸ்தவரும் கலந்த கூட்டம் அது. கிறிஸ்தவ வசனத்தைச் சபைகளுக்கு வெளியே, சபைகளைவிடக் கூடுதலாக நடைமுறைப்படுத்தினவர்கள் இவர்கள் என்று சொன்னால் மிகையில்லை.

1929–30 காலத்தில் கல்வித் திணைக்களம், அரசாங்க உதவிப்பணம் பெறுகிற பள்ளிக்கூடங்களில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் கொடுக்கவேணும் என்று பணித்தது. யாழ்ப்பாணம் கொதித்தது. பெற்றோர் பிள்ளைகளை நிப்பாட்டினார்கள். ஆணையைத் திருப்பி வாங்கச் சொல்லிப் பெரிய மனுசர் மனுப்போட்டார்கள். 1930இல் சம ஆசனம் கொடுத்த பள்ளிக்கூடங்கள் இரவோடு இரவாக எரிக்கப்பட்டன. ஓலைக் கொட்டில் பள்ளிக்கூடங்கள், எரிகிறதுக்குக் கனநேரம் தேவைப்படாது. எரித்தவன் கையில் நெருப்பு, எரித்ததுக்குக் காரணம் ஒரு சின்னப் பிள்ளை பலகையில் இருந்தது.

எங்களுக்கு உறுத்துவது இதுதான். நூறு வருசத்துக்கு மேலாக வேதம் சொன்னதைச் செய்ய முடியாமல் நின்ற இடத்தில், உதவிப்பணம் நின்றுபோகும் என்ற பயம் வாங்கைப் போடவைத்தது. திணைக்களத்துச் சுற்றறிக்கை செய்த வேலையை நற்செய்தி செய்யவில்லை. சிலர் இதற்கு, மிசன்காரர் கட்டாயப்படுத்தியிருந்தால் பள்ளிக்கூடமே வெறுமையாகியிருக்கும், பிறகு யாருக்கும் படிப்பில்லை என்று சொல்வார்கள். பேர்சிவலின் வகுப்பு அதைத்தான் காட்டியது, அதனால் அந்த வாதத்தைத் தூக்கி எறிய முடியாது. ஆனால் அந்தப் பொறுமைக்கு விலை கொடுத்தது யார்? நிலத்தில் இருந்த பிள்ளைதான். பொறுமையாக இருந்த பெரியவர்களுக்குக் கதிரை இருந்தது.

வாலிபர் காங்கிரசுக்காரரையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது. 1931இல் டொனமூர் அரசியல் திட்டத்தின் கீழ் சர்வசன வாக்குரிமை வந்தது. வாழ்க்கையில் முதல்தரம் ஒரு நளவரின் வாக்கும் ஒரு வெள்ளாளரின் வாக்கும் ஒரே எண்ணிக்கையாகப் போகிற தேர்தல். அந்தத் தேர்தலைத்தான் முழுச் சுயராச்சியம் தரவில்லை என்று காங்கிரஸ் பகிஷ்கரித்தது. யாழ்ப்பாணத்தின் நான்கு தொகுதிகளும் 1934 வரை வெறுமையாகக் கிடந்தன. கொள்கைக்காக என்றாலும், பக்கத்தில் இருந்தவரிடம் அந்த வாக்கு அவருக்கு எவ்வளவு பெறுமதி என்று கேட்டிருக்கலாம்.

ஆலயங்களைப் பற்றியும் சொல்லவேணும். பள்ளிக்கூடத்துக்குச் சட்டம் வந்தது, ஆலயத்துக்கு வரவில்லை. ஒரே கிண்ணத்திலிருந்து எல்லாரும் பருகவேண்டிய நற்கருணையை வைத்துக்கொண்டே, தனி இருக்கை, தனிச் சேமக்காலை, சில ஊர்களில் சாதிக்கொரு ஆலயம் என்று காலம் போனது. மதம் மாறினால் சாதி விட்டுவிடும் என்று நம்பிப் போன சனத்தைப் பற்றி கே. டானியல் ஒரு நாவலே எழுதினார். அதற்கு அவர் வைத்த பெயர் 'கானல்'. கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த ஒருவர் வைத்த பெயர் அது என்பதையும் சேர்த்து யோசிக்கவேணும். 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தும், அதை வைத்துக்கொண்டு தேத்தண்ணிக் கடைகளுக்குள்ளும் கோயில்களுக்குள்ளும் நுழைய 1960கள் முழுக்கப் போராடவேண்டியிருந்தது.

இன்றைக்கு வகுப்பறையில் யாரும் நிலத்தில் இல்லை. போரும் இடம்பெயர்வும் எல்லாரையும் ஒரே முகாமில், ஒரே தண்ணிப் பவுசரின் வரிசையில் நிற்க வைத்தன. ஆனால் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரை எடுத்து மணமகன் தேவை, மணமகள் தேவை பக்கத்தைப் பாருங்கோ. கிறிஸ்தவ வெள்ளாளர் என்று போட்டிருக்கும். சிலவற்றில் சாதியைப் போடாமல் 'உயர்குலம்' என்று போட்டிருப்பார்கள். சமாரியன் என்று சொல்ல வாய் வராத அந்தச் சட்ட அறிஞரின் ஞாபகம் எங்களுக்கு வரும். அவர் வாயில் வராதது தாழ்த்தப்பட்டவனின் பெயர், இவர்கள் கையில் வராதது தங்கட சாதியின் பெயர். சுற்றிவளைக்கிற விதம் மட்டும் ஒன்று.

உங்கட ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குச் சம ஆசனம் எந்த வருசம் வந்தது என்று தெரியுமா? பள்ளிக்கூடத்தின் நூற்றாண்டு மலரில் அனேகமாக இருக்காது. அதிபர்களின் படம் இருக்கும், கட்டடம் கட்டக் காசு கொடுத்தவர்களின் பட்டியல் இருக்கும். தொண்ணூறு வயசைத் தாண்டின அப்பப்பா, அம்மம்மா யாராவது வீட்டில் இருந்தால் இந்த லீவில் கேட்டுப் பாருங்கோ. வகுப்பில் யார் எங்கே இருந்தவை, யார் நிலத்தில் இருந்தவை, யார் முதல்முதலாக வாங்கில் வந்து இருந்தது, அன்றைக்குப் பக்கத்தில் இருந்த பிள்ளை எழும்பிப் போனதா, இல்லை தள்ளி இடம் விட்டதா. பெயரையும் கேட்டுக் கொப்பியில் எழுதி வையுங்கோ.